ஆறு மூடும் நாட்கள்

மரியஜோசப்பைக் கனடாவுக்கு அனுப்பியது மதகுகளை இயக்கக் கற்றுக்கொண்டு வரத்தான். ஐஸைப் பற்றி அவனிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவன். அம்மாவும் அப்பாவும் பால்வெட்டுக்குப் போனார்கள். அவன் தொழிற்பள்ளியில் படித்து, பேராக் ஆற்று மின்நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். 1978 செப்டம்பரில் ஓராண்டுப் பயிற்சிக்கு அவன் பெயர் வந்தபோது கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் பெட்டி என்று கூப்பிடும் மனைவி பெட்ரீசியா மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். அவளை ஈப்போவின் சிலிபின் பகுதியில் அவள் அப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

"ஒரு வருஷம்தானே. புள்ள நடக்கிறதுக்குள்ள வந்துருவேன்லா" என்றான்.

பெட்ரீசியா ஈப்போவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைப்பவள். அதிகம் பேசமாட்டாள். அவன் விமானம் ஏறிய மறுநாளே வேலைக்குப் போனாள். வயிறு தையல் மெஷினில் இடிக்கும்வரை போனாள்.

முதல் கடிதங்களில் இலைகள் சிவந்து உதிர்வதைப் பற்றி எழுதினான். பிறகு குளிர் வந்தது. கடிதங்கள் எல்லாம் ஆற்றைப் பற்றியே ஆயின.

"மேலே ஒரு அணை இருக்கிறது. முப்பது மைல் கீழே மின்நிலையம். நடுவில் கிடக்கிற ஆற்றை இங்கே பிள்ளையைத் தூங்கவைப்பதுபோலத் தூங்கவைக்க வேண்டியிருக்கிறது" என்று எழுதியிருந்தான். "தண்ணீர் வேகமாக ஓடினால் மேலே பாலாடைபோல ஐஸ் ஏடு கட்டாது. திறந்து கிடக்கிற தண்ணீருக்குள்ளேயே ஊசி ஊசியாக ஐஸ் பிறந்து, நம்ம ஐஸ் காச்சாங்கில் துருவிப் போடுகிற ஐஸ் மாதிரி குழைந்து ஓடிவரும். மின்நிலைய வாசலில் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அடைத்துவிடும். அதனால் குளிர் இறங்குகிற நாட்களில் மேல் அணையில் மதகைக் குறைக்கிறோம். ஆறு மெதுவாகிறது. கீழே மரக்கட்டைகளைச் சங்கிலியில் கோத்துக் குறுக்கே மிதக்கவிட்டிருக்கிறார்கள். ஐஸ் அதில் ஒதுங்கி, அங்கிருந்து மேல்நோக்கி மூடிக்கொண்டே போகும். முழுக்க மூடியதும், ஏடு தடித்ததும், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டலாம். மேலே அசையாமல் கிடக்கும். அடியில் ஆறு ஓடும். இதற்கு இரண்டு வாரமும் ஆகும், நாலு வாரமும் ஆகும். அதுவரை ஒருத்தரும் ஊரைவிட்டு நகரக்கூடாது."

பெட்ரீசியா கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினாள். பெரியநாயகம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"நம்ம ஆத்துக்கு எதுக்கும்மா இந்தப் படிப்பு?" என்றார். அவளுக்கும் அது தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அங்கே ஒரு தவறு நடந்தது. ஜனவரியில் மின்சாரத் தேவை கூடியதால், ஏடு தடிப்பதற்கு முன்பே பொறியாளர் ஒருவர் மதகை ஏற்றச் சொல்லிவிட்டார். அன்று மாலை நீர்மட்ட அளவுகோல்களைப் பார்த்துக்கொண்டிருந்த மரியஜோசப், மேல்பக்கம் தண்ணீர் ஏறுவதையும் கீழ்பக்கம் இறங்குவதையும் கண்டான். நடுவில் எங்கோ அடைக்கிறது என்று சொன்னான். பயிற்சிக்கு வந்தவன் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை. மறுநாள் காலை ஏடு உடைந்து, வீட்டுச் சுவர் உயரத்துக்குப் பாளம் பாளமாக அடுக்கிக்கொண்டது. பதினோரு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

மோரிஸ் என்ற மூத்த மதகுக்காரர்தான் அவனைத் தேடி வந்து, "உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார். அவர் தாய்மொழி பிரெஞ்சு. இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். மழைக்காலத்தில் பேராக் ஆற்றில் மூங்கிலும் மரமும் அடித்துவந்து வளைவில் சிக்கும்போது அளவுகோல் இப்படித்தான் காட்டும் என்று மரியஜோசப் சொன்னான். மோரிஸ் அவனை அறைக்குக் கூட்டிப்போய், இருபது வருட ஆற்றுக் குறிப்புகளை மேசைமேல் எடுத்து வைத்தார்.

இதையெல்லாம் அவன் எழுதிய கடிதத்தில், கடைசி வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. "பெட்டி, என் வாழ்க்கையில் இதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. செய் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்."

மார்ச்சில் ஜெசிந்தா பிறந்தாள். பெட்ரீசியா போட்டோ அனுப்பினாள். துணிப்பெட்டியில் வைக்க மனமில்லாமல் சட்டைப் பையிலேயே வைத்திருப்பதாகப் பதில் வந்தது. செப்டம்பரில் பயிற்சி முடிந்தது. அவன் வரவில்லை. அடுத்த குளிர்காலத்துக்கும் இருக்கச் சொல்கிறார்கள், நம்ம ஊர் நிலையத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு கேட்டு எழுதியிருக்கிறேன், கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்று எழுதினான்.

அந்த வருடம் அங்கே குளிர் தாமதமாக வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று காலை பூசை முடிந்து வந்ததும், தெருமூலையிலிருந்த சீனர் மளிகைக்கடையில் அவளுக்குத் தொலைபேசி அழைப்பு வந்திருப்பதாகச் சொன்னார்கள். கடை முதலாளியான தௌக்கே கணக்குப்பிள்ளையை எழச்சொல்லி, அவளுக்கு அந்த நாற்காலியைப் போட்டார். ஜெசிந்தா இடுப்பில் இருந்தாள்.

"இங்க இன்னும் இருபத்துநாலாம் தேதி ராத்திரிதான்" என்றான் அவன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"எப்ப வாரீங்க?"

"ஆறு இன்னும் மூடல பெட்டி. பாதிதான் மூடியிருக்கு. இப்ப விட்டுட்டு வந்தா..."

"நீங்க இல்லாட்டி ஆறு உறையாதா?"

"உறையும்" என்றான். "ஒழுங்கா உறையாது."

பெட்ரீசியாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. பிள்ளைக்கு இரண்டு பல் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவனுடைய சட்டை ஒன்றைப் பெட்ரீசியா தன் தலையணைக்கு உறையாகத் தைத்துப் போட்டிருக்கிறாள். கடையில் நாலு பேர் அரிசி வாங்க நின்றார்கள்.

"சரி, பாத்து இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதன்பிறகு எட்டு மாதம் அவள் கடிதங்கள் சுருங்கின. ஜெசிந்தா நலம், அப்பா நலம், வேலை இருக்கிறது. தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் தைக்கும் நல்லம்மாள் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஆம்பள ரெண்டு வருஷம் வராம இருந்தா, அதுக்கு ஐஸ் மட்டுந்தான் காரணம்னு யாரும் நம்பமாட்டாங்க."

"தெரியும்" என்றாள் பெட்ரீசியா. அவளே பலமுறை நினைத்ததுதான். மாலையில் வேலை விட்டுவந்து குளிக்கும்போது, குழாய்த் தண்ணீரை மெதுவாகத் திறந்து கையை வைத்துக்கொண்டு நிற்பாள். இந்தத் தண்ணீர் எப்படி நிற்கும், எப்படி ஏடு கட்டும் என்று கற்பனை செய்துபார்ப்பாள். முடியாது. கணவன் நிற்கிற இடத்தை மனதில் வரைந்துகொள்ள முடியாததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

1980 அக்டோபரில் அவன் இரண்டு பயணச்சீட்டு அனுப்பினான். "நான் வரமுடியாது, நீ வா. வந்து பார்" என்று மட்டும் எழுதியிருந்தான். தொழிற்சாலையில் ஒரு மாதம் விடுப்பு தரமாட்டோம் என்றார்கள். அவள் வேலையை விட்டுவிட்டுப் போனாள்.

டிசம்பர் பத்தாம் தேதி, ஒரு சின்ன விமான நிலையத்தில் அவன் இரண்டு கம்பளிக் கோட்டுகளோடு நின்றான். மெலிந்திருந்தான். முகத்தில் தோல் உரிந்திருந்தது. ஜெசிந்தாவை வாங்கக் கை நீட்டினான். அவள் அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் கோட்டை விரித்துப் பிள்ளைமேல் போர்த்தினான்.

வாடகை வீடு ஆற்றிலிருந்து அரை மைல். முதல் நாள் அவன் வேலைக்குப் போனதும் பெட்ரீசியா வீடு முழுக்கத் தேடினாள். குளியலறை அலமாரி, கட்டிலின் அடி, துணிப்பெட்டி. ஒரு கொண்டை ஊசிகூடக் கிடைக்கவில்லை. ஒரு தட்டு, ஒரு கோப்பை, சுவர் நிறைய எண்கள் எழுதிய தாள்கள். படுக்கையருகே அவள் போட்டோவும் பிள்ளை போட்டோவும். அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். இன்னொருத்தி இருந்திருந்தால் சண்டை போடுவதற்காவது ஆள் இருந்திருக்கும் என்று தோன்றியது.

பதினோரு நாள் அவள் காத்திருந்தாள். அவன் வருவான், சோறு சாப்பிடுவான், சாப்பிடும்போதே காதைத் திருப்பிக் காற்றைக் கேட்பான், தூங்குவான், போவான். பன்னிரண்டாம் நாள் காலையில் ஒன்பது மணிக்கு வந்து, "கெளம்பு. பாப்பாவையும் தூக்கிக்க" என்றான்.

கரையில் மோரிஸ் நின்றிருந்தார். அவளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டு, தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ஆறு முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. முந்தின வாரம் பாலத்தில் போகும்போது அது சீறிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தாள், சட்டியில் மணலை வறுப்பதுபோல. இப்போது சத்தமே இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு சுருக்கம் இல்லாமல், இஸ்திரி போட்டு விரித்ததுபோல் இருந்தது.

"நேத்து ராத்திரிதான் மேல் முனை சேந்துச்சு" என்றான் அவன். "இன்னும் ஒரு வாரம் இதே அளவுல வைக்கணும். அப்பறம் கொஞ்சம் கூட்டலாம். ஒடையாது."

"நடக்கலாமா மேல?"

"இப்ப வேணாம்."

"அடியில ஓடுதா?"

"ஓடுது. நீ நிக்கிற எடத்துலேர்ந்து பத்தடிதான்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்தன்று கூட அவனை இவ்வளவு நிறைவோடு பார்த்ததில்லை. முதல் சம்பளம் வாங்கினபோதும் இல்லை. அவன் அவள் பக்கத்தில்தான் நின்றான், தோள் தோளில் பட்டது. ஆனாலும் அவளுக்கு இரண்டு வருடமாக இருந்த ஏக்கம் அந்த இடத்தில் குறையவில்லை, கூடியது.

அன்று சாயங்காலம் அவன் கேட்டான். "இங்கயே இருந்துருவோமா? வேலைய நிரந்தரமாக்கித் தாரோம்னு சொல்றாங்க."

"அப்பா தனியா இருக்காரு" என்றாள். பிறகு, அது முழு உண்மை இல்லை என்பதால், "எனக்கு இங்க யார்ட்டயும் பேச வராதுங்க. நீங்க ஆத்துக்குப் போயிட்டா நான் இந்த ஜன்னலத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றாள். ஊருக்கு வாங்க என்று அவனை அவள் அழைக்கவில்லை. அழைத்தால் வந்துவிடுவான் என்பது அந்தக் கரையில் அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. அப்படி அழைத்துக்கொண்டு வர அவளுக்கு மனம் வரவில்லை.

ஜனவரியில் அவளும் பிள்ளையும் திரும்பினார்கள். வேறொரு தொழிற்சாலையில் பைகள் தைக்கும் வேலை கிடைத்தது. மே மாதத்தில் ஒரு மதியம், சிலிபின் வீட்டு வாசலில் டாக்சி நின்றது. ஐஸ் உடைந்து ஆறு திறந்தபின் மரியஜோசப் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். பெரியநாயகம் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்க மாப்ள, சாப்டுங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

பழைய மின்நிலையத்திலேயே வேலை கிடைத்தது. தலைமையகத்திலிருந்து தொலைபேசி வரும். இரண்டாம் மதகு மூன்றடி என்பார்கள். திறப்பான். போதும் என்பார்கள். மூடுவான். ஜெசிந்தா அவனோடு ஒட்டிக்கொண்டாள். தினமும் மோட்டார்சைக்கிளின் முன்னால் உட்கார்ந்து கடைவரைக்கும் போய்வராவிட்டால் சாப்பிடமாட்டாள். அவன் குடிக்கவில்லை, கத்தவில்லை. பெட்ரீசியா கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

ஆனால் டிசம்பர் வந்தால் அவன் மாறுவான். மழை கொட்டும்போது முன்னறையில் உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டே இருப்பான். யாராவது பேசினால் ஒரு கணம் கழித்துத்தான் காதில் விழும். மோரிஸிடமிருந்து ஜனவரியில் ஒரு அட்டை வரும். அதில் ஆறு மூடிய தேதி மட்டும் இருக்கும். அதை வாங்கியதும்தான் முகம் தெளியும். அவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்கு அப்போதெல்லாம் நன்றாகத் தெரிந்தது. தான் எட்டு மாதம் குழாய்த் தண்ணீரில் தேடிய இடம்தான். இப்போது அவனைக் கையால் தொடலாம். அப்படியும் அவன் தூரத்தில் இருந்தான்.

1984இல் ஒரு மழைநாள் மாலையில் கேட்டுவிட்டாள். "உங்களுக்கு அங்க போகணும் போல இருக்கா?"

"இல்ல."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து துணி மடித்தபின் அவன் சொன்னான்.

"டிசம்பர்ல மட்டும்."

"அப்ப ஏன் வந்தீங்க?"

"ஏர்போர்ட்டுல பாப்பா எங்கிட்ட வரல இல்ல" என்றான். "அது கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. எத்தன மதகத் தூக்கினாலும் போகல."

அடுத்த வருடம் ஜூலையில் மோரிஸ் கடிதமே எழுதியிருந்தார். வரும் குளிர்காலத்தோடு ஓய்வு பெறுகிறார். ஆற்றில் புதிய கட்டைச் சங்கிலி போட்டிருக்கிறார்கள், பழைய கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. பத்து வாரம் வரமுடியுமா, நிலையமே அழைக்கும் என்று கேட்டிருந்தார். மரியஜோசப் அதை வேடிக்கைபோலச் சொல்லிவிட்டு, கடிதத்தைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தான். "அவருக்கு வயசாயிருச்சுலா" என்று சிரித்தான்.

பெட்ரீசியா மூன்றாம் நாள் மின்நிலையத்தில் அவனோடு வேலை பார்க்கும் பத்துமலையின் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, அவருக்கு எத்தன நாள் லீவு சேந்திருக்கு?"

"நெறைய இருக்கும்மா. அவன் எங்க லீவு எடுத்தான்? ஏன்?"

"மிச்சத்துக்குச் சம்பளம் இல்லாம எடுத்துக்கலாமா? அவரு போயிட்டு வரட்டும்."

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னபோது அவன் கோபப்பட்டான். அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. "என்னை அனுப்பறியா? மறுபடியும் நீ சட்டைய தலகாணியில போட்டுக்கிட்டுப் படுக்கவா?" என்றான். அந்த விஷயத்தை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. அப்பா சொல்லியிருக்க வேண்டும்.

"போட்டுக்கறேன்" என்றாள். "அப்ப நீங்க எங்க நிக்கிறீங்கன்னே தெரியாது. இப்பத் தெரியும். வீட்டுல இருந்துக்கிட்டே நீங்க இல்லாம இருக்கறதுதான் எனக்கு முடியல."

நவம்பர் கடைசியில் அவன் போனான். ஜெசிந்தாவுக்கு ஆறு வயது. அவள் அழவில்லை, விமான நிலையத்தில் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். அந்த டிசம்பர் பெட்ரீசியாவுக்கு எளிதாக இல்லை. கிறிஸ்துமஸ் பூசையில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. ஆனால் கண்ணை மூடினால் கரை தெரிந்தது, கட்டைகள் தெரிந்தன, கம்பளித் தொப்பியோடு அவன் குனிந்து அளவுகோலைப் பார்ப்பது தெரிந்தது. பத்து வாரமும் அந்த இடத்துக்கே மனதால் போய்வந்துகொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் அவன் திரும்பினான். ஆறு டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி மூடியது, ஒரு வீட்டுக்கும் தண்ணீர் போகவில்லை. மோரிஸ் சாவியை ஒப்படைத்துவிட்டுத் தன் மகள் ஊருக்குப் போய்விட்டார். இனி அவனைத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை, இனி கூப்பிடமாட்டார்கள் என்பதையும் அவன்தான் சொன்னான். சொல்லும்போது குரல் உடையவில்லை. ஆனால் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம், பெட்ரீசியா சொன்னாள். "பேராக் ஆத்த எனக்கு நீங்க காட்டவே இல்ல."

அவன் யோசித்துப் பார்த்தான். உண்மைதான். உலகத்தின் அந்தக் கோடிக்குப் போய் ஒரு ஆற்றைப் பார்த்தவள், ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய இந்த ஆற்றின் அணைக்கு ஒருமுறையும் வந்ததில்லை.

"அதுல என்ன இருக்கு பாக்க? சேத்துத் தண்ணி" என்றான். இருந்தாலும் பத்துமலையின் காரை இரவல் வாங்கி வந்தான்.

அணைக்குக் கீழே படித்துறை போன்ற ஒரு இடத்தில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடியது. ஜெசிந்தா ரொட்டியைப் பிய்த்து மீன்களுக்குப் போட்டாள். அவன் மேலே அணையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, மழைக்காலத்தில் மேலே எவ்வளவு மழை பெய்தால் எத்தனை மணி நேரத்தில் இங்கே தண்ணீர் ஏறும் என்று சொல்லத் தொடங்கினான். தலைமையகத்துக்காரர்கள் எப்போதும் இரண்டு மணி நேரம் பிந்தித்தான் அழைப்பார்கள் என்றான்.

"நீங்க சொன்னீங்களா அவங்ககிட்ட?"

"யாரு கேட்டா?"

"கேக்காட்டி என்ன. எழுதிக் குடுங்க."

அவன் குனிந்து கையைத் தண்ணீரில் விட்டான். சட்டென்று எடுக்கப்போனவன், பிறகு அப்படியே வைத்துக்கொண்டான்.

"எவ்ளோ சூடா இருக்கு" என்றான்.

அவளும் அருகில் வந்து உட்கார்ந்து கையை விட்டாள்.